கல்லீரல் மாற்றுப் பிரிவு: நோயாளிக்குக் குறையில்லை, கொடையாளருக்குத்தான்

பெரிய அண்ணனுக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறிக் கெட்டுப்போகும் நோய், அதோடு ஈரலில் புற்றுக்கட்டியும். கட்டியை மட்டும் வெட்டினால் மிச்சமிருக்கும் சுருங்கிப்போன ஈரல் தாங்காது, மாற்றிவிட்டால் கட்டியும் போகும், அது முளைத்த கெட்ட ஈரலும் போகும் என்று தலைமை மருத்துவர் முதல் நாளே படம் வரைந்து காட்டினார். வீண் ஆசை காட்டவில்லை. ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாயில் புகாமல், வெளியே பரவாமல் இருக்க வேண்டும், 1996-இல் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்த கணக்கு இது, தாண்டினால் திரும்ப வரும் ஆபத்து கூடும் என்றார். அண்ணனுடையது அதற்குள் இருந்தது. காத்திருக்கும்போது வளர்ந்துவிடக் கூடாதென்று, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி அடைத்தும் வைத்தார்கள்.

ஈரலின் வலப்பகுதியைக் கொடுத்தது அண்ணன் மகன். அவனைத் தனியே உட்காரவைத்து, "யாராவது வற்புறுத்துகிறார்களா? வேண்டாமென்றால் சொல்லுப்பா, உடல்நிலை ஒத்துவரவில்லை என்று வீட்டில் நாங்களே சொல்லிக்கொள்கிறோம்" என்று கேட்டார்களாம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அப்புறம்தான் மாத்திரைக் கதை. டாக்ரோலிமஸ், 12 மணி நேரத்துக்கு ஒன்று, உடல் புது ஈரலை எதிர்க்காமல் இருக்க. ஒரு காலை அண்ணன் அதை வாயருகே கொண்டுபோகும்போதே நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்: ரத்தம் எடுத்த பிறகுதான்! அடுத்த மாத்திரைக்கு முன், ரத்தத்தில் மருந்து அளவு மிகக் குறைந்திருக்கும் நேரத்தில் பார்த்தால்தான் டோஸ் சரியா என்று தெரியுமாம். கை நடுங்கி சட்டைப் பொத்தான் போட முடியாமல் அவர் திணறியபோதும், இது அந்த மாத்திரை செய்யும் வேலை என்று அளவு பார்த்துக் குறைத்தார்கள்.

என் கோபமெல்லாம் கொடையாளர் விஷயத்தில். டிஸ்சார்ஜ் ஆனதும் பையனின் ஃபைலை மூடிவிட்டார்கள். கொடுத்தவருக்கு ஈரல் திரும்ப வளரும், சரி, ஆனால் தழும்பைச் சுற்றி மரத்துப்போயிருக்கிறதே, எப்போது கனம் தூக்கலாம், இந்த அசதி எப்போது போகும் என்று யாரிடம் கேட்பது? அண்ணனின் கோ-ஆர்டினேட்டரை அழைத்தால், "உங்க டெஸ்ட் எல்லாம் நார்மல்" என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிடுவார். ஸ்கேன்கூட நாங்களாகக் கேட்டுத்தான் எடுத்தார்கள். நோயில்லாமல் உள்ளே போய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவன் அவன் ஒருவன்தானே!

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்த நான்கும் அண்ணனைப் பார்த்துக்கொண்ட விதத்துக்கு. இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன், கொடையாளரை எத்தனை மாதம் கவனிப்பார்கள், யார் கவனிப்பார், எந்த எண்ணில் கிடைப்பார் என்று எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள்.