அலுவலக வாய்ஸ்மெயில்: எல்லாம் சரி, அந்தச் சிவப்பு விளக்கைத் தவிர

தெரிந்தவர் ஒருவர் தன் அலுவலகத்துக்குப் புது போன் சிஸ்டம் வாங்கப் போகிறார். "உங்களிடம் இருப்பதில் வாய்ஸ்மெயில் எப்படி?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டார். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி, எல்லோருக்குமாகவே போட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உள்ளே ஓடுவது ஆஸ்டெரிஸ்க், 1999-ல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய அதே திறந்த மூல மென்பொருள், அலுவலக போன் சிஸ்டத்தை நடத்துவது. அதன் மேல் தங்களுடைய அட்மின் பக்கத்தை ஒட்டிப் பெட்டியாக விற்கிறார்கள். இப்படிச் செய்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால், கீழே வருவதில் பாதி உங்கள் பெட்டிக்கும் பொருந்தக்கூடும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் கோபம் வந்துவிட்டால் மறந்துபோகும்.

புது ஆள் சேர்ந்தால் வாய்ஸ்மெயில் பெட்டி திறப்பது பெரிய வேலையே இல்லை. எக்ஸ்டென்ஷன் (ஒவ்வொரு மேசை போனுக்கும் உள்ள அலுவலக உள் எண்) பக்கத்தில் வாய்ஸ்மெயிலை ஆன் செய்து, பின் நம்பர், மெயில் முகவரி கொடுத்து, அப்ளை அழுத்தினால் முடிந்தது. எக்ஸ்டென்ஷன் எண்தான் பெட்டி எண். அவரவர் மேசையிலிருந்து *97, வேறு யாருடைய மேசையில் உட்கார்ந்திருந்தாலும் *98 போட்டுத் தன் பெட்டி எண்ணைச் சொன்னால் போதும். மொத்தமாகப் பலருக்குப் பெட்டி திறக்கும்போது மட்டும் கவனம்: எங்கள் சிஸ்டம் எக்ஸ்டென்ஷன் எண்ணையே பின் நம்பராகவும் போட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வாய்ஸ்மெயிலுக்குள் வர வழி வைத்திருந்தால், இந்த எண்ணைத்தான் திருடர்கள் முதலில் முயல்வார்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளியே போன் போடும் வசதியும் திறந்திருந்தால் வெளிநாட்டு அழைப்புகளெல்லாம் உங்கள் பில்லில் வந்து விழும். அந்த வசதி தேவையில்லை என்றால் மூடிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு இதில் எதிர்பாராமல் பிடித்துப்போனது தற்காலிக கிரீட்டிங். கிரீட்டிங் என்றால் அழைத்தவருக்கு முதலில் ஒலிக்கும் நம் குரல் பதிவு. பெட்டிக்குள் போய் 0 அழுத்தினால் நான்கு பதிவுகள் வரும்: 1 ஆள் எடுக்காதபோது, 2 லைன் பிஸியாக இருக்கும்போது, 3 பெயர், 4 தற்காலிகம். முக்கால்வாசிப் பேர் ஒன்றைப் பதிவு செய்துவிட்டு மற்றதைத் தொடுவதே இல்லை. ஆனால் லீவில் போகும்போது 4-ல் "திங்கட்கிழமை வரை இருக்க மாட்டேன், அவசரம் என்றால் இன்னாரை அழையுங்கள்" என்று சொல்லி வைத்தால், மற்ற இரண்டையும் ஓரம் தள்ளிவிட்டு இதுதான் ஒலிக்கும். திரும்பி வந்ததும் இதை அழித்தால் பழைய குரல் தானாக வந்துவிடும், மறுபடி பதிவு செய்ய வேண்டாம். அழிக்க மறப்பவர்களுக்காக, பெட்டிக்குள் நுழையும்போதே "தற்காலிக கிரீட்டிங் இன்னும் இருக்கிறது" என்று நினைவூட்டும் அமைப்பும் உண்டு. இதை யோசித்துச் செய்தவர் நிஜமாகவே ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொன்று, ஸ்டாரும் எக்ஸ்டென்ஷன் எண்ணும் சேர்த்து அழுத்தினால் மணியே அடிக்காமல் நேராக அவர் பெட்டிக்குப் போய்விடும். மேலதிகாரியிடம் ஒரு தகவல் சொல்ல வேண்டும், ஆனால் பேச்சில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்கிற சமயங்களில் இதன் அருமை தெரியும். எங்கள் அலுவலகத்தில் இதை ஒருவருக்குச் சொன்னேன், அப்புறம் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இனி விளக்கு. மேசை போனின் மூலையில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, புது செய்தி வந்தால் எரிய வேண்டும், கேட்டு முடித்தால் அணைய வேண்டும். அதற்கு வேறு வேலை கிடையாது. எங்களிடம் அது எரிகிறது, அணைவதில்லை.

எங்கள் ஆட்கள் யாரும் *97 போடுவதில்லை. செய்தி வந்தவுடன் அதன் ஒலிக்கோப்பு மெயிலில் வந்துவிடுகிறது, கைபேசியிலேயே கேட்டுவிட்டு மெயிலை அழித்துவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் மெயிலில் போனது நகல்தான். அசல் போன் சிஸ்டத்தின் சர்வரில் புது செய்தியாகவே உட்கார்ந்திருக்கிறது. விளக்கைக் கட்டுப்படுத்துவது 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3842 என்கிற தரநிலை: புது செய்தி இத்தனை, பழையது இத்தனை என்று சர்வர் போனுக்குச் சொல்லும், புதிது உண்டென்றால் போன் விளக்கைப் போடும், இல்லையென்றால் அணைக்கும். போனுக்குச் சொந்த புத்தி கிடையாது. சப்போர்ட்டில் கேட்டபோது முதலில் போனை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். மாற்றினோம். புது போனும் சிவப்பாகவே எரிந்தது, வேறென்ன செய்யும்.

சரி, மெயில் அனுப்பியதும் சர்வரில் அழித்துவிடு என்று ஒரு தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதைப் போட்டால் விளக்கு எரியவே எரியாது. மெயில் சர்வர் அந்த மெயிலைக் குப்பையில் தள்ளினாலோ, ஒலிக்கோப்பு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினாலோ, செய்தி போனது போனதுதான். சாதாரண வேவ் கோப்பு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி வரும், பேச்சை நிறுத்தத் தெரியாத ஒருவர் போதும். சுருக்கிய வேவ்49 வடிவம் வைத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் சில கைபேசிகளில் அது ஓடுவதே இல்லை. ஆக, எப்போதும் எரியும் விளக்கு, எப்போதும் எரியாத விளக்கு, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

நாங்கள் எப்போதும் எரிவதை வைத்துக்கொண்டோம். ஒரு வாரத்தில் யாரும் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். கணக்குப் பிரிவில் ஒரு மேடம் அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது, நாள் முழுக்கக் கண்ணுக்கு நேராக மினுக்கிக்கொண்டிருந்தால் நானும் ஒட்டியிருப்பேன். பிரச்சினை அதோடு நிற்கவில்லை. ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு வழக்கமான வரம்பு 100 செய்திகள். கேட்ட செய்திகள் பழையவை ஃபோல்டருக்கு நகர வேண்டும், ஆனால் யாரும் போனில் கேட்பதில்லையே, எல்லாம் புதியவையாகவே குவிந்து ஒரு நாள் 100 ஆனது. அதன் பிறகு அழைத்த வாடிக்கையாளர்களிடம் பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மேடமோ வந்த செய்தி எல்லாவற்றையும் அன்றன்றே கேட்டு, பதிலும் சொல்லி, மெயிலைக் காலியாக வைத்திருப்பவர். அவரிடம் போய் "உங்கள் பெட்டி நிறைந்திருக்கிறது" என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

நியாயமாகப் பேசினால் இது ஆஸ்டெரிஸ்க்கின் குற்றம் இல்லை. செய்திகளை மெயில் கணக்கிலேயே வைத்துக்கொள்ளும் ஐமேப் முறை அதில் உண்டு, அப்படி அமைத்தால் மெயிலில் கேட்டதையும் போனில் கேட்டதையும் ஒன்றாகக் கணக்கில் எடுக்கும். ஆனால் மென்பொருளைக் கட்டும்போதே அதைச் சேர்த்திருக்க வேண்டும், எங்கள் பெட்டிக்காரர்கள் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வலைப்பக்கம் கொடுத்திருக்கிறார்கள், செய்திகளைக் கேட்கலாம், அழிக்கலாம், பார்க்க அழகாகவும் இருக்கிறது. அதில் அழித்தாலும் விளக்கு அணையாது! அந்தப் பக்கம் கோப்பை நேரடியாக அழித்துவிட்டுப் போய்விடுகிறது, ஆஸ்டெரிஸ்க்கிடம் சொல்வதில்லை. இதற்கும் மருந்து இருக்கிறது. வாய்ஸ்மெயில் அமைப்புக் கோப்பில் போல்மெயில்பாக்சஸ் என்ற வரியை 'யெஸ்' (ஆம்) என்று வைத்தால், 30 வினாடிக்கு ஒருமுறை அதுவே பெட்டிகளை எட்டிப் பார்த்து விளக்கைச் சரிசெய்யும். ஒரே ஒரு வரி. கையால் சேர்த்தேன், வலைப்பக்கத்தில் அழித்துப் பார்த்தேன், விளக்கு அணைந்தது. எல்லோரையும் மெயிலுக்குப் பதிலாக அந்தப் பக்கத்துக்குப் பழக்கினேன், அதற்கே தனியாக ஒரு பாராட்டு எதிர்பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன வாரம் அப்டேட் வந்தது. அட்மின் பக்கம் அந்தக் கோப்பைப் புதிதாக எழுதிவிட்டது, என் வரி காணோம், எல்லா மேசையிலும் மறுபடி சிவப்பு. நிரந்தரமாகச் சேர்க்க இடம் எங்கே என்று கேட்டால் "அடுத்த பதிப்பில் பார்க்கலாம்" என்கிறார்கள். போன பதிப்பின்போதும் இதைத்தான் சொன்னார்கள்.

மற்றபடி சிறு குறைகள்தான். பேசுபவர் 10 வினாடி மௌனமாக இருந்தால் பதிவை நிறுத்திவிடும்படி வைத்திருந்தார்கள், பில் எண்ணைத் தேடுகிறவர்களெல்லாம் பாதியில் துண்டிக்கப்பட்டார்கள், அந்த வினாடிக் கணக்கைக் கூட்டியதும் சரியாகிவிட்டது. பேசாமல் வைத்துவிடும் அழைப்புகளைச் சேமிக்காமல் இருக்கக் குறைந்தபட்ச நீளமும் வைக்கலாம். மௌன அளவை அதைவிடக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் வெற்றுப் பதிவுகள் சேரும். லைனும் சரி, குரல் தெளிவும் சரி, இத்தனை காலத்தில் ஒரு செய்திகூடக் கெட்டுப்போனதில்லை.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அப்டேட்டுக்கு முந்தின வாரம் கேட்டிருந்தால் தாராளமாக வாங்குங்கள் என்றிருப்பேன், அதுவும் உண்மைதான். வேறு எதை வாங்கினாலும் டெமோவில் விற்பனையாளர் காட்டுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரு செய்தி விடச் சொல்லுங்கள், மெயிலில் கேட்டு அழியுங்கள், அவர்களுடைய வலைப்பக்கத்திலும் ஒன்றை அழியுங்கள், விளக்கைப் பாருங்கள். பிறகு அட்மின் பக்கத்தில் ஏதாவது மாற்றி அப்ளை அழுத்திவிட்டு இன்னொரு முறை பாருங்கள். "எல்லா சிஸ்டத்திலும் இப்படித்தான் சார்" என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.