இ.என்.சி.யை ஏ.என்.சி. என்று விற்கிறார்கள்: விடுதியில் படிக்க ஹெட்போன் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

இரண்டு மாதக் கைச்செலவுப் பணம் போய்விட்டது. திரும்பத் தர முடியாது என்று இன்று மதியம் முடிவாகச் சொல்லிவிட்டார்கள். கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன். தேர்வு நேரம் வேறு. இதே ஹெட்போனை, இதே வாக்குறுதியை நம்பி, இந்த நிமிடம்கூட யாரோ வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

விடுதி அறையில் படிப்பது எப்படி என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைக்கு மேல் மின்விசிறி இரையும், பக்கத்துக் கட்டிலில் போன் பேச்சு ஓடும், வராந்தாவில் சிரிப்பும் கதவை அறையும் சத்தமும் நள்ளிரவு வரை ஓயாது. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, அவர்களுக்கும் அதுதானே வீடு. பாட்டுக் கேட்பதற்காக நான் ஹெட்போன் தேடவில்லை. காதுக்குள் வரும் சத்தம் கொஞ்சம் குறைந்தால் போதும் என்றுதான் தேடினேன். அதற்கு ஏ.என்.சி. (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன், அதாவது மாட்டியிருப்பவர் காதில் விழும் வெளிச்சத்தத்தைக் குறைக்கும் வசதி) வேண்டும்.

பெயர் பெற்ற கம்பெனிகளின் மாடல்கள் எனக்குக் கட்டுப்படியாகாது. பல விற்பனையாளர்கள் கடை போட்டிருக்கும் ஒரு ஆன்லைன் தளத்தில் தேடியபோது ஒன்று கிடைத்தது. படத்தில் காதை முழுசாக மூடும் பெரிய மெத்தை. அதன் கீழே கொட்டை எழுத்தில் '35 டெசிபல் நாய்ஸ் கேன்சலேஷன்' (டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு). அதைப் பார்த்த உடனே பணம் கட்டிவிடவில்லை. கேள்வி கேட்கும் பகுதியில் தெளிவாகக் கேட்டேன்: 'விடுதியில் படிப்பதற்காக வாங்குகிறேன். பாட்டு எதுவும் ஓடாமல் சும்மா மாட்டிக்கொண்டால் எனக்கு வெளிச்சத்தம் குறையுமா? இது ஏ.என்.சி.தானா?' விற்பனையாளர் என்ற முத்திரையோடு பதில் வந்தது: 'ஆமாம் மேடம், ஏ.என்.சி. உள்ளது. ஹாஸ்டல் மாணவர்கள் நிறையப் பேர் வாங்குகிறார்கள். தைரியமாக ஆர்டர் போடுங்கள்.'

இதற்கு மேல் ஒருவர் என்ன விசாரிக்க முடியும்? எதற்காக வாங்குகிறேன் என்று சொல்லியாயிற்று, தொழில்நுட்பத்தின் பெயரையும் சொல்லிக் கேட்டாயிற்று. ஆமாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பதிலை நம்பித்தான் இரண்டு மாதக் கைச்செலவை அப்படியே கட்டினேன்.

வந்ததும் மாட்டிப் பார்த்தேன். மெத்தை காதைச் சுற்றி உட்காரவில்லை, காதின் மேலேயே உட்கார்ந்தது. சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பட்டனை அழுத்தினால் 'நாய்ஸ் கேன்சலிங் ஆன்' என்று ஒரு பெண் குரல் மட்டும் வந்தது. மின்விசிறிச் சத்தம் துளியும் குறையவில்லை. அணைத்துப் பார்த்தேன், மறுபடி போட்டுப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்புறம் அந்த ஹெட்போனிலேயே தோழி ஒருத்தியைப் போனில் அழைத்துப் பேசினேன். 'என்னடி, ரூம் இவ்வளவு அமைதியா இருக்கு?' என்று அவள் கேட்டாள். என் அறைச் சத்தம் அவள் காதுக்குப் போகவில்லை, என் காதுக்கு மட்டும் முழுசாக வந்துகொண்டிருந்தது!

எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் ஒரு சீனியர் அக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் 'இ.என்.சி. மைக்' என்று இருந்தது. ஏ.என்.சி. என்றால் ஹெட்போனில் உள்ள மைக்குகள் சுற்றுச்சத்தத்தை வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உருவாக்கிக் காதுக்குள் அனுப்பும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் கேட்பவருக்குச் சத்தம் குறையும். இந்த யோசனைக்கு 1936-லேயே அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். இ.என்.சி. அப்படியில்லை. நாம் போனில் பேசும்போது நம் குரலோடு கலந்து போகும் இரைச்சலை மட்டும் அது வடிகட்டும். பலன் முழுவதும் எதிர்முனையில் இருப்பவருக்கு. படிக்கிறவர் காதுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

அந்த 35 டெசிபல் கணக்கையும் அக்கா விளக்கினார். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் ஏறக்குறைய பாதியானது போலக் கேட்குமாம். அப்படியென்றால் 35 டெசிபல் என்பது எவ்வளவு பெரிய வாக்குறுதி! பட்டனைப் போட்டும் அணைத்தும் வித்தியாசமே தெரியாத ஒரு பொருளின் மேல் அந்த எண்ணை அச்சடித்து விற்கிறார்கள்.

இனிமேல்தான் உண்மையான அலைக்கழிப்பு. விற்பனையாளருக்கு எழுதினேன். 'சத்தம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி கேட்கும் மேடம், சில நாள் பயன்படுத்துங்கள், பழகிவிடும்' என்று பதில். ஏ.என்.சி. உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றேன். 'இ.என்.சி.யும் நாய்ஸ் கேன்சலேஷன்தான்.' நான் ஏ.என்.சி. என்று கேட்டுத்தானே நீங்கள் ஆமாம் என்றீர்கள் என்றேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தளத்தின் உதவி மையத்துக்குப் போனேன். முதலில் சாட்டில் ஒரு இயந்திரம். அதைத் தாண்டி வந்த ஆளிடம் முழுக் கதையையும் சொன்னேன். '24 முதல் 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வார்கள்.' யாரும் தொடர்புகொள்ளவில்லை. மறுபடி போனால் வேறொரு ஆள், மறுபடி முதலிலிருந்து கதை. 'காதில் படும் பொருள், திறந்துவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது, பழுது என்றால் மாற்றித் தருவோம்' என்றார் அவர். இது பழுதில்லை சார், இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி விற்றிருக்கிறார்கள், இதே பொருளை மாற்றித் தந்து என்ன பயன் என்றேன். 'உங்கள் சிரமம் புரிகிறது மேடம், பொறுமைக்கு நன்றி.' சாட் மூடிக்கொண்டது. திறக்காமல் ஒரு ஹெட்போனை எப்படிச் சோதிப்பது என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை.

நடுவில் இன்னொன்று நடந்தது. பொருளின் பக்கத்தில் என் கேள்வியும் அவர்கள் பதிலும் காணாமல் போய்விட்டன. '35 டெசிபல்' மட்டும் அப்படியே இருக்கிறது. நல்லவேளை, ஆர்டர் போடும்போதே அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். அதை அனுப்பினால் 'படம் தெளிவாக இல்லை' என்றார்கள். இன்னும் தெளிவாக அனுப்பினால் 'புகார் முடித்துவைக்கப்பட்டது' என்று வந்தது. ஒரு நட்சத்திரம் போட்டு நான் எழுதிய விமர்சனத்தையும் விதிகளுக்குப் பொருந்தவில்லை என்று வெளியிடவில்லை. அங்கே தெரியும் பாராட்டுகளை நம்பி வாங்குகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்: என்னைப் போல ஏமாந்தவர்கள் எழுதியது உங்கள் கண்ணிலேயே படாது.

இரண்டு மாதக் கைச்செலவு. வீட்டில் வேறு பணம் கேட்க மனசு வரவில்லை. இப்போது கழிவறை போகும் வழியில் இருக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து படிக்கிறேன்.

எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுத நினைத்தேன், நாளை மறுநாள் தேர்வு, அதனால் அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும். இ.என்.சி. என்று போட்டிருந்தால் படிப்புக்காக அதை வாங்காதீர்கள். 'நாய்ஸ் கேன்சலேஷன்' என்று மட்டும் போட்டு ஏ.என்.சி. என்ற எழுத்துகள் பெட்டியில் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். உண்மையான ஏ.என்.சி.கூட மின்விசிறி, ஏசி மாதிரியான தொடர்ச்சியான தாழ்ந்த இரைச்சலைத்தான் நன்றாகக் குறைக்கும், பேச்சுச் சத்தத்தை அந்த அளவுக்குக் குறைக்காது. பணம் குறைவு என்றால் காதுக்குள் இறுகப் பொருந்தும் ரப்பர் அல்லது ஃபோம் முனை உள்ள சாதாரண ஒயர் இயர்போனே பேச்சுச் சத்தத்தை ஓரளவு அடைத்துவிடும், முனையின் அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். கண்ணாடி போடுகிறவர்கள் காதை மூடும் வகையை மாட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள், கண்ணாடிக் கம்பி இடைவெளி விட்டு அது வழியாகச் சத்தம் உள்ளே வரும்.

வெளிச்சத்தத்தை அமுக்க வால்யூமைக் கூட்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபலில் அது வெறும் 4 மணி நேரமாகிவிடும். இந்த ஹெட்போனை வைத்துப் படிக்க முயன்ற இரவுகளில் எனக்குக் காது வலித்தது.

முடிந்தால் கடையில் ஓடும் மின்விசிறிக்குப் பக்கத்தில் நின்று, பாட்டு போடாமல், பட்டனைப் போட்டும் அணைத்தும் பார்த்து வாங்குங்கள். ஆன்லைன் என்றால் 'பணம் திரும்ப' என்று இருக்கிறதா, 'மாற்றித் தருதல் மட்டும்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் எழுதும் பதிலைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் புகாருக்கு அந்தப் படம் வேண்டும். நான் தேர்வு முடிந்ததும் அதைத்தான் செய்யப் போகிறேன்.