நியூசிலாந்து கேம்பர் வேன் பயணம்: “எல்லாமே அடக்கம்” என்று சொல்லிப் பணம் வாங்கும் முகவர்களிடம் எச்சரிக்கை

நண்பர்களோடு நியூசிலாந்து சென்று, உள்ளேயே படுத்துத் தூங்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர் வேன் எடுத்துத் தெற்குத் தீவைச் சுற்றிவரப் புதுச்சேரியிலும் கடலூரிலும் பலர் திட்டமிடுவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே, புதுச்சேரியில் ஒரு பயண முகவரிடமும், அவர் வழியாகக் கிறைஸ்ட்சர்ச்சில் எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனத்திடமும் நாங்கள் பட்டதை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் இரு தரப்பின் பெயரையும் குறிப்பிடவில்லை.

“இன்சூரன்ஸ், ஹீட்டர், டாய்லெட் எல்லாமே அடக்கம் சார், நீங்க கையை வீசிக்கிட்டுப் போய் இறங்கலாம்” என்று சொன்ன முகவர், முழுத் தொகையையும் வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டு, ஒரே பக்கத்தில் ஒரு வவுச்சரைக் கொடுத்தார். வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டபோது, அதை அங்கே போனதும் தருவார்கள் என்றார். ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. ஒப்பந்தம் கண்ணில் படும்போது பணம் கைமாறி வெகுநாள் ஆகியிருக்கும். இரவெல்லாம் விமானத்தில் வந்து, பெட்டிகளோடு அந்நிய ஊரில் நிற்பவருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அங்கே நிறுத்தியிருந்தது படத்தில் காட்டிய வண்டி அல்ல, அதைவிடப் பழையது. “முழுக் காப்பீடு” என்று சொல்லப்பட்டதோ வெறும் அடிப்படைக் காப்பீடு; சேதம் ஏற்பட்டால் முதல் 7,500 நியூசிலாந்து டாலர், அதாவது மூன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல், எங்கள் பொறுப்பு. ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் அவ்வளவு தொகையையும் பிடித்து வைத்த பிறகே சாவியைக் கொடுத்தார்கள். டெபிட் கார்டை ஏற்கவில்லை. நாள்வாடகைக்கு மேல் தனிக்கட்டணம் கட்டி இந்தப் பொறுப்பைக் குறைத்துக்கொண்டாலும், கூரைக்கும் அடிப்பாகத்துக்கும் ஏற்படும் சேதம் அதில் சேராது. குயின்ஸ்டவுன் அருகேயுள்ள ஸ்கிப்பர்ஸ் சாலையில் போனால் காப்பீடே செல்லாது. இத்தகைய நிபந்தனைகள் அந்நாட்டு வாடகை வண்டிகளுக்கு வழக்கமானவை என்பதால் அவற்றை மோசடி என்று சொல்ல மாட்டேன். அவற்றை மறைத்துப் பணம் வாங்கியதுதான் மோசடி.

டெக்காப்போ ஏரி அருகே தங்கிய இரவில் ஹீட்டர் நின்றுவிட்டது. வில்லியனூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் நண்பர் இருக்கைப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். ஹீட்டருக்கும் விளக்குகளுக்கும் மின்சாரம் தரும் தனி பேட்டரியின் முனைகளில் பச்சையாக உப்புப் பூத்து, பெட்டி பக்கவாட்டில் உப்பியிருந்தது. “இது செத்துப் பல மாசம் ஆயிருக்கும்” என்றார். விடியும்போது கண்ணாடியின் உட்புறத்தில் உறைபனி படிந்திருந்தது. ஆஸ்துமா உள்ள ஒரு நண்பர் இரவு முழுவதும் உட்கார்ந்தே இருந்தார். உதவி எண்ணில் பேசியவர், மின் இணைப்புள்ள ஹாலிடே பார்க்கில் (கட்டணம் கட்டி வண்டியோடு தங்கும் இடம்) நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்.

அதன்பின் ஒவ்வோர் இரவும் காசு கொடுத்தே தங்க வேண்டியதாயிற்று. இலவச இடங்களில் நிறுத்தலாம் என்று நாங்கள் நினைத்திருந்ததற்கும் வழியில்லை. 2023-இல் வந்த சட்டத்தின்படி, அத்தகைய இடங்கள் பலவற்றில் தங்க, வண்டியோடு பொருத்தப்பட்ட கழிப்பறையும், கழிவை வெளியே விடாமல் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி என்பதற்கான பச்சை நிறச் சான்று முன் கண்ணாடியிலும் இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் இருந்தவை தூக்கி வைக்கும் கழிப்பறைப் பெட்டியும், பழைய விதிப்படி தந்த, காலாவதியான நீலச் சான்றும் மட்டுமே. சான்று தேவைப்படும் இடத்தில் அது இல்லாமல் தங்கினால் 400 டாலர் அபராதம் விதிக்கலாம். இத்தனைக்கும் நடுவில், புக்காக்கி ஏரிக்கரையிலிருந்து 3,724 மீட்டர் உயர ஆவோராக்கி (மவுண்ட் குக்) மலையைப் பார்த்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த நாட்டின்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

வண்டியை ஒப்படைத்த பிறகு இரண்டு பிடித்தங்கள் வந்தன. ஒன்று டீசல் வண்டிக்கான சாலைக் கட்டணம். அங்கே பங்க்கில் வாங்கும் டீசல் விலையில் சாலை வரி சேராது. ஓடிய தூரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் பயணத்தின்போது அரசு வீதம் 1000 கிலோமீட்டருக்கு 76 டாலர். இதையும் முகவர் வாய் திறந்து சொல்லவில்லை. மற்றொன்று கூரையில் கீறல் என்று பிடித்த பெருந்தொகை. நல்லவேளையாக, வண்டியை எடுக்கும்போதே நண்பர் செல்ஃபி குச்சியில் செல்பேசியை உயர்த்திக் கூரையையும் படம்பிடித்திருந்தார்; அதே கீறல் அதில் தெளிவாகத் தெரிந்தது. காணொளியை அனுப்பி, அந்நாட்டின் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போவோம் என்று எழுதிய பிறகே அந்தத் தொகை திரும்பி வந்தது. ஹீட்டர் நின்றதால் ஹாலிடே பார்க்குகளில் நாங்கள் கட்டிய பணத்தைக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

முகவரோ, “அது அந்த ஊர் கம்பெனி விஷயம் சார்” என்று கைகழுவினார். பணம் பெற்ற ரசீது அவர் நிறுவனத்தின் பெயரில் இருப்பதால் அந்தப் பேச்சு எடுபடாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். அதில் தீராததால் புதுச்சேரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. வவுச்சர், வங்கிப் பரிமாற்றச் சான்று, பேட்டரியின் படம், முகவர் அனுப்பிய வாட்ஸப் செய்திகள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். இதே போன்ற ஒற்றைப் பக்க வவுச்சரைக் கையில் வைத்துக்கொண்டு பயணத்துக்குக் காத்திருப்பவர்கள், வாடகை ஒப்பந்தத்தின் முழு நகலையும் வண்டியின் சான்று விவரத்தையும் இன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்கிவிடுங்கள். தர மறுத்தால், புறப்படும் முன்பே பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள்.