டிவிக்குப் பின்னால் பொய்ச்சுவர்: ஜிப்சமா, பிளைவுட்டா?

வேலூரில் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் புதுவீடு கட்டுகிற பலரும் ஹாலில் டிவிக்கு ஒரு பொய்ச்சுவர் கேட்கிறார்கள். ஒயர் வெளியே தொங்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஜிப்சம் என்றால், ஜிஐ சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி, அதன்மேல் 12.5 மி.மீ. போர்டை ஸ்குரூ போட்டு முடுக்குவார்கள். ஜாயின்ட்டில் டேப் ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் பூசின சுவர் மாதிரியே இருக்கும். பிளைவுட் அளவுக்குக் கரையான் பயம் இல்லை. வம்பு எங்கே என்றால், அந்தப் போர்டு டிவியின் பாரத்தைத் தாங்காது. 55 அங்குல டிவி சுமார் 15 கிலோ இருக்கும். பிராக்கெட் வரும் இடத்தில் உள்ளே 18 மி.மீ. பிளைவுட் வைக்காவிட்டால் ஸ்குரூ பிய்த்துக்கொண்டு வரும். அதைப் போர்டு மூடுவதற்கு முன்பே நின்று பார்த்துவிடுங்கள், அப்புறம் கேட்டால் “வெச்சாச்சு சார்” என்றுதான் பதில் வரும்.

பிளைவுட்டில் அந்தக் கவலை இல்லை. ஷெல்ஃப், செட்டாப் பாக்ஸ் தட்டு எல்லாம் அதிலேயே அடித்துக்கொள்ளலாம். செலவு கூடும். கரையான் மருந்தும் அடிக்க வேண்டும். சுவரில் ஓதம் இருந்தால் இரண்டுமே வீண். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

வாடகை வீட்டுக்கு இரண்டும் வேண்டாம். சொந்த வீடு, ஷெல்ஃப் வேண்டும் என்றால் பிளைவுட். வெறும் சுவர் போதுமென்றால் ஜிப்சம். எதுவானாலும் ஒயருக்கு இரண்டு அங்குல பைப் போடச் சொல்லுங்கள், டிவிக்குப் படம் கொண்டுவரும் எச்டிஎம்ஐ ஒயரின் தலை சின்னப் பைப்பில் நுழையாது.