தர்மபுரி ஞாயிறு தியான வகுப்பு: 'பீதி' வரும், பயந்து ஓடிவிடாதீர்கள்

இந்த வருஷம் தக்காளி போட்டவனிடம் போய் 'துன்பக் காலத்தில் மகிழ்ச்சியை வளர்ப்பது எப்படி' என்று நோட்டீஸ் நீட்டினால் அடிக்காமல் விடுவானா? எனக்கு அந்த நோட்டீஸ் கிடைத்தது பாலக்கோடு மார்க்கெட் பக்கத்து டீக்கடையில். 25 கிலோ கிரேடு (பெட்டி) 100 ரூபாய்க்குக்கூடப் போகவில்லை, பறிப்புக் கூலியையும் வண்டி வாடகையையும் கைக்காசில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வடை எண்ணெய் துடைக்கத்தான் அதை வாங்கினேன், துடைத்துக்கொண்டே படித்தேன், பௌத்த முறை, கட்டணம் இல்லை என்று போட்டிருந்தது. சரி, வீட்டில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் பார்ப்பதற்கு இது மேல் என்று கிளம்பிவிட்டேன்.

இடம், நாலு ரோட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடி. ஞாயிறு மாலை 5 முதல் 6.30 வரை, மொத்தம் ஆறு வாரம். பலகை எதுவும் கிடையாது, நடத்துகிறவரும் தன் பெயரைப் போட வேண்டாம் என்றார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். கோலார் தங்கவயலில் பிறந்தவர், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் ஆரம்பித்த பௌத்த சங்கத்துக்கு அங்கே மாரிக்குப்பத்தில் ஒரு கிளை இருந்தது, நம் பக்கத்து ஜனங்கள் பிழைக்கப் போன ஊர்தானே அது, நாம்தான் மறந்துவிட்டோம். 2001ல் சுரங்கத்தை மூடினார்கள். "வேலை போச்சு, கம்பெனி ஆஸ்பத்திரி போச்சு, ஞாயித்துக்கிழமை பஞ்சசீலம் சொல்றதை மட்டும் எங்க வீட்ல விடல தம்பி" என்றார் (பஞ்சசீலம் என்பது பௌத்தர்கள் சொல்லும் ஐந்து ஒழுக்க உறுதிமொழி). அவர் பேச்சை நான் உட்கார்ந்து கேட்டதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். நஷ்டம் என்றால் என்னவென்று தெரியாதவர் வந்து சந்தோஷத்தைப் பற்றி வகுப்பெடுத்திருந்தால் முதல் வாரமே பஸ் ஏறியிருப்பேன்.

இரண்டாவது வாரம்தான் வேடிக்கை. மூச்சைக் கவனித்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறோம், ஐயா மெதுவாக, "கொஞ்ச நேரத்துல பீதி வரும், வந்தா தடுக்காதீங்க" என்கிறார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் திறந்து செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். அப்புறம்தான் விளக்கினார், நம் பீதி வேறு, பாலி மொழியில் பீதி வேறு. நாம் பயத்துக்குச் சொல்வது வடமொழி 'பீ⁠தி'யில் இருந்து வந்தது, பாலியில் இருப்பது வடமொழியில் 'ப்ரீதி' என்கிற சொல்லின் பாலி வடிவம், அதாவது மகிழ்ச்சி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அதில் ஐந்து வகை உண்டாம்: மயிர்க்கூச்செறியும் சின்னது, மின்னல் மாதிரி விட்டுவிட்டு வருவது, கரையில் அலை மாதிரி மோதி உடைவது, ஆளையே தூக்குவது, கடைசியாக உடம்பு முழுக்கப் பரவி நிற்பது. ஐந்தாம் நூற்றாண்டில் விசுத்திமக்கம் என்கிற பாலி பௌத்த நூலை எழுதிய புத்தகோசர் பிரித்துவைத்த கணக்கு இது, அவர் நம் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்பது எனக்குப் புதுச் செய்தி.

மற்ற நான்கும் எனக்கு வரவில்லை. முதல் வகை வந்தது, அதுவும் வகுப்பில் இல்லை. ராத்திரி 2 மணிக்கு மூணு ஃபேஸ் கரண்ட் வந்தது, மோட்டார் போட்டேன். குழாய் கொஞ்ச நேரம் வெறும் காற்றாக இருமியது, அப்புறம் கக்கிக் கக்கித் தண்ணீர் விழுந்தது. போர் தண்ணீர் அந்த நேரத்தில் வெதுவெதுப்பாக இருக்கும், கையை நீட்டி நின்றேன், முழங்கை வரை மயிர் எழுந்து நின்றது. இருபது வருஷமாகப் போடுகிற மோட்டார், ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. என்னையறியாமல் "பீதி வந்துடுச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி இரண்டடி பின்னால் குதித்து, "எங்கீங்க பாம்பு?" என்றாள்.

கஷ்டமான பாடம் முதிதா. அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்து நாம் சந்தோஷப்படுவது. கேட்க லேசாக இருக்கிறது அல்லவா, பங்காளிக் காய்ச்சல் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? இதையும் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார்கள். முதலில் எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கிற, நமக்குப் பிடித்த ஒருவர். நான் என் அக்கா மகளை எடுத்துக்கொண்டேன், பல் விழுந்ததற்கே தெருவைக் கூட்டியவள். அடுத்து, வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்கிற ஆள், எனக்கு அது டவுன் பஸ் கண்டக்டர். கடைசியில்தான் ஆகாதவர். என் வரப்புக்கு அந்தப் பக்கம் சித்தப்பா மகன் சாமந்தி போட்டிருந்தான், ஆயுதபூஜைக்கு நல்ல விலைக்குக் கொடுத்தான். அவனை மனதில் நிறுத்தி 'உனக்கு வந்த நல்லது உன்னை விட்டுப் போகாமல் இருக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். ஐந்தாவது வாரம் முழுக்கச் சொன்னேன், வயிறுதான் எரிந்தது. ஐயாவிடம் சொன்னால், "எரியுதுன்னு தெரியுதில்ல, அதையும் பாருங்க" என்றார், இந்த மாதிரிப் பதில்கள் எனக்கு எரிச்சல்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பாலி மந்திரங்களை அர்த்தம் சொல்லாமல் வேகமாக ஓட்டுகிறார்கள், தமிழில் ஒரு தாள் அடித்துக் கொடுத்தால் என்ன? மின்விசிறி கடகடவென்று சத்தம், மூச்சைக் கவனிக்கச் சொன்னால் அதைத்தான் கவனிக்க முடிகிறது. இரண்டு அம்பு கதையை மூன்று வாரம் சொன்னார்கள் (விலை இறங்கியது முதல் அம்பு, ராத்திரியெல்லாம் அதையே நினைத்துப் புரள்வது நாமே குத்திக்கொள்ளும் இரண்டாவது அம்பு), ஒரு தடவை போதும். அப்புறம் இது வைத்தியம் இல்லை. சாப்பாடு இறங்காமல், தூக்கமே இல்லாமல், உயிரை விடலாமா என்று யோசிக்கிற நிலையில் இருந்தால் முதலில் ஜி.ஹெச்.சில் மனநல டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் 104க்கு போன் போடுங்கள், தியானம் பிறகு என்று ஐயாவே முதல் நாள் சொல்லிவிட்டார். கடனும் இதனால் அடையாது. என் மனைவியின் தோடு இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.

ஆனாலும் 5க்கு 4 கொடுப்பேன். ஆறாவது வாரம் முடிந்த மறுநாள் காலையில் சித்தப்பா மகன் தனியாகப் பூ மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். போய் ஒரு முனையைப் பிடித்து டெம்போவில் ஏற்றினேன், நல்ல பூடா, நல்ல விலைக்குப் போகட்டும் என்றேன், பாதி மனசோடுதான், பொய் சொல்வானேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவுண்ணா வேணும்?" என்று கேட்டான்.

போகிறவர்கள் 5 மணிக்குள் போய்விடுங்கள், கடை ஷட்டரை இறக்கிவிட்டால் படிக்கட்டுக்குப் பின் சந்து வழியாகச் சுற்ற வேண்டும். தரையில்தான் உட்கார வேண்டும், முட்டி வலிக்காரர்கள் கேட்டால் பிளாஸ்டிக் நாற்காலி தருகிறார்கள், மூன்றுதான் இருக்கிறது. முடிந்ததும் சுக்கு காபி உண்டு.