பழைய மாருதி 800-இல் மூன்று மீட்டர்கள்: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டின் கார்புரேட்டர் மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட் (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்). டாஷ்போர்டில் கம்பெனி வைத்தது பெட்ரோல் முள்ளும் வெப்பநிலை முள்ளும்தான். ஆயிலுக்கும் பேட்டரிக்கும் ஒவ்வொரு சிவப்பு விளக்கு. இருபது ஆண்டுகளாக அது போதும் என்றே இருந்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது, ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதும் இழுவை குறைந்தது. வெப்பநிலை முள்ளைப் பார்த்தேன். வழக்கத்தைவிடக் கீழே நின்றது. அதை நம்பி இன்னும் மூன்று வளைவுகள் ஏறியதன் விலை, ஹெட்டின் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டும் வளைந்துபோன ஹெட்டும்.

காரணம் பட்டறையில்தான் புரிந்தது. ரேடியேட்டரின் அடி ஹோஸ் (ரப்பர் குழாய்) பிளந்து தண்ணீர் முழுவதும் வெளியேறியிருந்தது. வெப்பநிலை முள்ளை இயக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் அது காட்டும் அளவுக்குப் பொருள் உண்டு. தண்ணீர் வற்றியபின் அது வெறும் காற்றையும் ஆவியையும் அளந்து, என்ஜின் குளிர்ந்திருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஹெட்டைச் சமன் செய்து மாட்டிய கையோடு 52 மில்லிமீட்டர் அளவில் மூன்று மீட்டர்களை வாங்கினேன்: வெப்பநிலை, ஆயில் அழுத்தம், வோல்ட். மீட்டர்கள், சென்சார்கள், ஒயர், லேத்துப் பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 7,000 ரூபாய் ஆனது. அதன் பிறகு 41,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

வெப்பநிலை சென்சாரை, எல்லோரும் சொன்னபடி, மேல் ரேடியேட்டர் ஹோஸை வெட்டி நடுவே ஓர் அலுமினிய அடாப்டர் வைத்து அதில் மாட்டினேன். முதல் நாள் முள் அசையவே இல்லை. ஒற்றை ஒயர் சென்சார் தன் உடம்பின் வழியாகத்தான் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பெறுகிறது. அடாப்டரின் இரு பக்கமும் ரப்பர் என்றால் எர்த் எங்கிருந்து வரும்? அடாப்டரில் ஒரு திருகு போட்டு என்ஜின் பிளாக்கிற்குத் தனி ஒயர் இழுத்ததும் முள் உயிர்பெற்றது. ஆனால் அந்த இடத்தில் இன்னொரு குறை இருந்தது. தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) திறக்கும்வரை மேல் ஹோஸில் சூடான நீர் வராது. ஆகவே காலையில் வண்டி எடுத்தபின் ஐந்தாறு நிமிடம் முள் அடியிலேயே கிடக்கும், பிறகு சட்டென்று 80 டிகிரிக்குத் தாவும். அதைவிட முக்கியமாக, தண்ணீர் போனால் இதுவும் கம்பெனி முள்ளைப் போலவே பொய் சொல்லும். எந்தக் கோளாறுக்காகச் செலவு செய்தேனோ, அதற்கு இந்த ஏற்பாடு விடையே அல்ல என்பது எனக்கு உறைக்க எட்டு மாதங்கள் ஆயின.

பிறகு வளையம் போன்ற முனை கொண்ட இன்னொரு சென்சார் வாங்கி, ஹெட்டில் உள்ள ஒரு சிறிய போல்ட்டின் அடியில் இறுக்கி, 110 டிகிரியில் கத்தும்படி பஸ்ஸர் வைத்தேன். இது தண்ணீரை அளப்பதில்லை, ஹெட்டின் உலோகத்தையே அளக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பல்லடம் அருகே ஹீட்டர் ஹோஸ் வெடித்தபோது மேல் ஹோஸில் சென்சார் வைத்த மீட்டர் 78-க்கு இறங்கிக்கொண்டிருக்க, பஸ்ஸர் கத்தியது. உடனே ஓரங்கட்டினேன். அன்றைய செலவு ஒரு ஹோஸும் இரண்டு கிளிப்பும்தான்.

ஆயில் அழுத்த மீட்டரில் நான் பட்ட பாடு தனி. ஆயில் விளக்கை இயக்கும் பழைய சுவிட்ச் இருந்த துளையில், டி வடிவப் பித்தளை இணைப்பான டி-பீஸ் ஒன்றை மாட்டி, அதில் சுவிட்ச், புதிய சென்சார் இரண்டையும் பொருத்தினோம். ஜப்பானிய என்ஜின்களில் அந்தத் துளை பெரும்பாலும் 1/8 பிஎஸ்பி டேப்பர் என்னும் பிரிட்டிஷ் அளவு, அங்குலத்திற்கு 28 புரி. மீட்டருடன் வந்த சென்சாரோ 1/8 என்பிடி என்னும் அமெரிக்க அளவு, 27 புரி. இரண்டு சுற்றுவரை ஒன்றுபோலவே ஏறும், பிறகு இறுகிக்கொள்ளும், அப்புறம் கசியும். சரியான டி-பீஸைக் கடைந்து வாங்கி மாட்டிய பதினான்காவது மாதம், மூன்று சிலிண்டரின் அதிர்வில் கனமான சென்சார் ஆடி ஆடிப் பித்தளைக் கழுத்தே முறிந்தது. ஆயில் பீய்ச்சியடித்த அந்தக் கணத்தில் முள் விழுந்ததைப் பார்த்து என்ஜினை நிறுத்தியதால் பேரிங் தப்பியது. இது மீட்டரே உண்டாக்கிய ஆபத்து, மீட்டரே அதைக் காட்டியும் கொடுத்தது. எந்தப் பக்கம் வரவு வைப்பதென்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போது கம்பி பின்னிய சிறு ஹோஸ் மூலம் சென்சார் வண்டியின் உடல் தகட்டில் தனியாக நிற்கிறது.

அந்த மீட்டர் கற்றுத்தந்தது ஏராளம். குளிர்ந்த நிலையில் 60 பிஎஸ்ஐ (அழுத்த அளவு), சூடேறியபின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது, 14 அல்லது 15, நடுத்தர வேகத்தில் 45: இவைதான் என் வண்டியின் வழக்கம். ஒருமுறை ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டபோது சூடான ஐடிலில் அது 9-க்கு இறங்கியது. சிவப்பு விளக்கு எரிவது பொதுவாக 5 பிஎஸ்ஐ அளவில்தான் என்பதால், விளக்கை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்தே இருக்காது. அடுத்தவர் வண்டியின் எண்ணோடு இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. முதல் மாதம் முழுவதும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். இன்றும் அதோடுதான் ஒப்பிடுகிறேன்.

வோல்ட் மீட்டர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஓடும்போது 13.9 முதல் 14.2 வரை நிற்கும். ஒரு மழைக்காலத்தில் 15.3 காட்டியது; ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருந்தது, பேட்டரி கொதிப்பதற்குள் மாற்றிவிட்டேன்.

ஒயரிங்கில் ஒரு தவறு மட்டும் சொல்லத் தக்கது. மூன்று மீட்டருக்கும் எர்த்தை டாஷ்போர்டின் ஒரு திருகிலிருந்தே எடுத்திருந்தேன். இரவில் ஹெட்லைட் போட்டால் வெப்பநிலை 8 டிகிரி ஏறும், அணைத்தால் இறங்கும். பல வாரங்கள் ரேடியேட்டரைச் சந்தேகித்தபின், அந்தத் திருகில் படிந்த துருதான் காரணம் என்று தெரிந்தது. மீட்டர்களின் எர்த்தை நேராக என்ஜின் பிளாக்கிற்கு இழுத்தபின் அந்த ஆட்டம் நின்றது.

புதிதாகச் செய்பவருக்கு, பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், முதலில் ஹெட் சென்சாரும் பஸ்ஸரும், பிறகு ஆயில் அழுத்தம், கடைசியில் வோல்ட் என்பேன். மேல் ஹோஸை நான் மறுபடி வெட்டமாட்டேன். வெயிலில் ஆயில் மீட்டரின் முகப்பு மஞ்சளேறிவிட்டது. இரவில் அதன் பல்பும் எரிவதில்லை. வெப்பநிலை மீட்டரின் வெளிச்சத்திலேயே அதையும் படித்துக்கொள்கிறேன்.