வாளியில் ஆழ்மணல்: வேலூர் வெயிலுக்கும் மின்தடைக்கும் எது தாங்கும்?

கடல்நீர்த் தொட்டியில் மீன் தின்றதும் தின்னாமல் விட்டதும் முதலில் அம்மோனியாவாகவும், பிறகு நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடுகின்றன. அதுவரை உள்ள வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் வேண்டும். நைட்ரேட்டை உடைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் பாக்டீரியாக்களுக்கோ ஆக்சிஜன் எட்டாத இடம் வேண்டும். ஆழமாக நிரப்பிய மணலின் அடிப்பகுதி அப்படிப்பட்ட இடம். அதை ஒரு தனி வாளியில் அமைப்பதா, நைட்ரேட்டைக் குறைக்கும் வேறு முறைகளே போதுமா என்பதே இங்கு கேள்வி. வழக்கமாக எது நைட்ரேட்டை வேகமாகக் குறைக்கும் என்று பார்த்துத்தான் முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், பராமரிப்புக்காகக் காலையில் போகும் மின்சாரம் பிற்பகலில்தான் திரும்பும் நாட்களும் இருப்பதால், கெட்டுப்போனால் எது தொட்டியையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

தண்ணீர் மாற்றுவதிலிருந்து தொடங்கலாம். 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) நைட்ரேட் உள்ள 200 லிட்டர் தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 40 ஆகும். மூன்று முறை மாற்றினாலும் 26க்கு அருகில்தான் நிற்கும், இடையில் போட்ட இரையின் கணக்கு தனி. ஒவ்வொரு முறையும் 40 லிட்டர் ஆர்.ஓ. நீரும் ஏறத்தாழ ஒன்றரை கிலோ கடலுப்புக் கலவையும் செலவாகும். நம் ஊர்ப் போர்வெல் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது தவிர்க்க முடியாத பராமரிப்புதான். ஆனால் நைட்ரேட்டுக்கு இதையே நம்பியிருப்பது கட்டுப்படியாகாது.

தொட்டி நீரில் சிறிது சிறிதாக வினிகர் ஊற்றும் முறை மலிவானது, வேகமானது. வெளிநாட்டில் இதற்கு வோட்கா ஊற்றுகிறார்கள் என்று படித்துவிட்டு டாஸ்மாக் வாசலில் நிற்கத் தேவையில்லை. மளிகைக் கடை வெள்ளை வினிகரே போதும். அதிலுள்ள கரிமத்தை உண்டு பெருகும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டையும் சிறிது பாஸ்பேட்டையும் உடலில் ஏற்றிக்கொள்ள, காற்றுக் குமிழிகளால் நுரை எழுப்பும் கருவியான ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியேற்றுகிறது. சிக்கல் என்னவென்றால், அதே பாக்டீரியாக்கள் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. கடல்நீர் 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 32 டிகிரியில் அது 6 அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் ஸ்கிம்மரும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் ஒரு கோடை நண்பகலில், காலையில் ஊற்றிய வினிகர் மீன்களுக்கு எதிராக வேலை செய்யும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கீட்டோ என்னும் நூல் போன்ற பச்சைக் கடற்பாசியைத் தொட்டியோடு இணைந்த தனித் தடுப்பில் வளர்ப்பது அவ்வளவு ஆபத்தானதன்று. அது நைட்ரேட்டோடு பாஸ்பேட்டையும் எடுத்துக்கொள்ளும். இரவில் அதன் விளக்கை எரியவிட்டால் தொட்டியின் பிஎச் அதிகம் சரியாது. ஆயினும் விளக்கின் சூடும் மின்கட்டணமும் கூடும். தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிப் பாசி நலிந்து அழுகத் தொடங்கினால், அது உறிஞ்சியதெல்லாம் மீண்டும் தண்ணீருக்கே வந்து சேரும்.

தொட்டிக்குள்ளேயே நான்கு முதல் ஆறு அங்குலம் மணல் பரப்புவது பழைய முறை. மொனாக்கோவில் ழான் ஜோபேர் என்ற ஆய்வாளர் மணலுக்கு அடியில் வெற்று நீரறை விட்டுச் செய்த ஏற்பாடும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பதினெட்டு அங்குல உயரத் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு மணலுக்குப் போய்விடும் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மணலைக் கிளறும் மீன்களை வைக்க முடியாது என்பதும், சில ஆண்டுகளில் கழிவு படிந்த மணலைத் தொட்டியைக் கலைக்காமல் எடுக்க முடியாது என்பதும்தான் என்னைத் தடுப்பவை.

அதே மணலை மூடியுள்ள தனி வாளியில் இட்டுக் குழாயால் இணைப்பதே தனிவாளி ஆழ்மணல். இது வேகமான முறையன்று. பாக்டீரியாக்கள் நிலைகொள்ள ஒன்றிரண்டு மாதங்களாவது ஆகும், அதன் பிறகும் நைட்ரேட் மெதுவாகவே இறங்கும். ஆனால் வேகம் நமக்கு அவ்வளவு தேவையா? கடினப் பவளங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. ஆகவே சட்டத்துக்கு உட்பட்டு இங்கே வைக்கக்கூடிய தொட்டி சோயந்திட், காளான் பவளம் போன்ற மென்மையான வகைகளுக்கானது. அவற்றுக்கு நைட்ரேட் சுழியமாக இருக்கத் தேவையில்லை. 10 பிபிஎம் அளவில் நின்றாலே நன்றாக விரியும்.

வாளிக்கு என்ன மணல் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கையெட்டும் தூரத்தில் பாலாறு இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இப்பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் வழக்கு 1996ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. குரோமியம் படிந்திருக்கக்கூடிய மணலை முதுகெலும்பில்லா உயிர்கள் வாழும் நீரோடு இணைப்பது வீண் துணிச்சல். கட்டுமானத்துக்கு விற்கும் எம்-சாண்டில் கல்தூள் அதிகம். மீன் கடைகளில் கோரல் சாண்ட் என்று கிடைப்பது பெரும்பாலும் பருமனானது. இடுக்குகளில் கழிவு இறங்கித் தங்கிவிடும். சர்க்கரைப் பருமனிலுள்ள அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணல்தான் மேலானது, ஆனால் ஒரு வாளியை நிரப்பும் அளவுக்கு வாங்கினால் கைச்செலவு தாங்காது. எனவே என் தேர்வு, தண்ணீர் வடிகட்டும் கலன்களுக்கு விற்கும், சலித்துத் தரம் பிரித்த சிலிக்கா மணலில் ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்ட நுண்வகை. பாக்டீரியாவுக்கு வேண்டியது பரப்பும் ஆழமும்தான். மணல் சுண்ணாம்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அரகோனைட் என்று சொல்லி விற்பதைச் சோதிக்க ஒரு சிட்டிகை மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள்: சுண்ணாம்பு மணல் நுரைக்கும், சிலிக்கா அசையாது.

கலனைப் பொறுத்தவரை, கழுவிய பெயின்ட் வாளியைவிட உணவுப் பொருளுக்கான 20 லிட்டர் மூடி வாளியே நல்லது. அதில் பத்து அங்குல மணல் ஈரத்தோடு 30 கிலோ வரை வரும். அதைத் தாங்கும் முக்காலியை முதலில் செய்துகொள்ள வேண்டும். இந்த வகைப் பிளாஸ்டிக்கில் சிலிக்கான் பசை ஒட்டாது. ரப்பர் வாஷருடன் கூடிய டேங்க் கனெக்டரை இருபுறமும் இறுக்குவதே எளிய வழி. தண்ணீர் உள்ளே வரும் குழாய் முக்கால் அங்குலம், வெளியேறும் குழாய் ஒன்றேகால் அங்குலம் என்று வைத்தால் தண்ணீர் தேங்கி மூடி வழியே வழியாது. பித்தளை நிப்பிள், பித்தளை வால்வு எதுவும் கூடாது, ஏனெனில் செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் நஞ்சு. உள்ளே வரும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். மோட்டார் நின்றதும் தண்ணீர் பின்னோக்கி இறங்காது. மணல்மேல் ஓடும் நீர் விரைவாக ஓட வேண்டும், மெதுவாக ஓடினால் தூசு படிந்து மணல் வாய் அடைத்துவிடும். வாளிக்கு வெளிச்சமும் வேண்டாம், உயிர்களும் வேண்டாம்.

வாளிமுறைக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. நீரோட்டம் நின்றால் மணல்மேல் தேங்கியுள்ள மூன்று நான்கு லிட்டர் நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். நைட்ரேட்டும் தீர்ந்தபின் பாக்டீரியாக்கள் கடல்நீரில் நிறைந்துள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொள்ள, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கும். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானே ஓடி அந்த நீரைத் தொட்டிக்குள் தள்ளினால் மீன்கள் பிழைப்பது கடினம். ஆகவே வாளிக்குத் தனி மோட்டார் வைத்து, அதை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்க வேண்டும். அது முடியாத வீட்டில், மின்சாரம் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால் மணல்மட்டத்துக்குச் சற்று மேலே பொருத்திய சிறு குழாயைத் திறந்து தேங்கிய நீரைக் கீழே கொட்டிய பின்பே மீண்டும் ஓடவிட வேண்டும். நாற்றம் மணலிலிருந்தே வந்தால் வால்வை மூடி வாளியை மட்டும் தூக்கிச் சென்று கொட்டிவிடலாம். தொட்டி தன் போக்கில் இருக்கும். மற்ற எந்த முறையிலும் இல்லாத இந்த வசதிக்காகவே நான் வாளியின் பக்கம் நிற்கிறேன்.

பாஸ்பேட்டை இது தொடாது. அதற்கு, வெயில் தணியும் ஐப்பசி முதல் மாசி வரை ஸம்ப்பில் (தொட்டியோடு இணைந்த வடிகட்டும் கலனில்) ஒரு கைப்பிடி கீட்டோவும், கோடையில் இரும்பு ஆக்சைடு வடிகட்டியும் வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை வாளியிலிருந்து வெளிவரும் நீரின் நைட்ரேட்டைச் சோதிப்பதால் பயனில்லை. ஓட்டம் வேகமாக இருப்பதால் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வேறுபாடு தெரியாது. தொட்டி நீரின் அளவு மாதந்தோறும் எப்படி நகர்கிறது என்று குறித்துவைத்துப் பார்த்தாலே வாளி வேலை செய்கிறதா என்பது புலப்படும்.